குடிநோய், போதை சிகிச்சை: காப்பீட்டை நம்பிப் புறப்படும் முன்

அண்ணனை மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவான இரவில், அண்ணி முதலில் தேடி எடுத்தது பீரோவில் இருந்த காப்பீட்டு அட்டையை. பதினோரு ஆண்டுகளாகத் தவறாமல் பிரீமியம் கட்டிய பாலிசி அது. மறுநாள் காலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அனுப்பி வைக்கிறோம், வந்துவிடும்” என்றார்; நாங்களும் நம்பினோம். நான்காம் நாள், கை நடுக்கம் அடங்கி அண்ணன் தானே சோறு பிசைந்து சாப்பிட்ட அன்று, மறுப்புக் கடிதம் வந்தது. மது, போதைப்பொருள் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் பாலிசியில் சேராது என்பதே அதில் இருந்த காரணம். அந்த வரி எங்கள் பாலிசிப் புத்தகத்திலும் இருந்தது. எங்களில் ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை. கட்டணத்தை அடைக்க அண்ணியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

தமிழ்நாட்டில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், காப்பீடு எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று கண்டது. பணம் பற்றிய பயமும், எங்கே போவது என்று தெரியாத தயக்கமும் மற்ற 37 பேரை வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றன என்றே நான் நினைக்கிறேன். பயத்தைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன.

உடல்நிலை முதலில், அட்டை பிறகு

நாள்தோறும் நிறையக் குடித்து வந்த ஒருவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகக் காண்பது, வியர்த்துக் கொட்டுவது, காய்ச்சல், படபடப்பு ஆகியவை சேர்ந்த ‘டெலிரியம் ட்ரெமென்ஸ்’ என்ற நிலை ஏற்படலாம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பாலிசியைத் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவரை, எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் வைத்து நிறுத்த வைக்க முயலாதீர்கள். அவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் தேவை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்காதீர்கள். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அளவுக்கு எதிர்வினை வரலாம். அதனால்தான் நோயாளிக்கு முழுதாக விளக்கி, அவர் சம்மதித்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள். கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கும் மனைவி அன்பினால்தான் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் செய்யாதீர்கள்.

சிகிச்சைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உடலில் இருந்து போதையை இறக்கி, நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு ஆகியவற்றைச் சமாளிக்கும் முதல் கட்டம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் முடிந்துவிடும். அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது. மறுபடியும் குடிக்காமல் வாழப் பழகும் இரண்டாம் கட்டம் ஒரு மாதமோ மூன்று மாதமோ நீளும். அது ஆலோசனை, குழுச் சந்திப்பு, குடும்பத்தினருக்கான வகுப்பு ஆகியவற்றால் ஆனது, மறுவாழ்வு மையங்களில் நடப்பது. மருத்துவக் காப்பீடு எங்கேனும் கைகொடுத்தால் அது முதல் கட்டத்தில்தான். இரண்டாம் கட்டச் செலவைக் காப்பீட்டிலிருந்து எதிர்பார்த்துத் திட்டமிடும் குடும்பம் ஏமாறவே வாய்ப்பு அதிகம். ஏன் என்பது பாலிசியின் வாசகத்தில் இருக்கிறது.

பாலிசியில் எந்த வரிகளைப் படிப்பது

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில், மருத்துவப் பாலிசிகளில் எவற்றை விலக்கலாம் என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகங்களை வகுத்தது. ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. குடி, போதைப்பொருள் அல்லது வேறு எந்த அடிமைப் பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்கும் பிரிவின் எண் 12. பாலிசி ஆவணத்தில் ‘விலக்குகள்’ என்ற தலைப்பின் கீழ் இந்த எண்ணைத் தேடுங்கள். இருந்தால் வழி கடினம் என்று பொருள். இந்த வாசகத்தைப் பாலிசியில் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனங்களுக்குக் கிடையாது. சேர்க்க விரும்பினால் இந்தச் சொற்களில்தான் சேர்க்க வேண்டும் என்பதே விதி. ஆகவே அது இல்லாத பாலிசிகளும் இருக்க முடியும், குறிப்பாக நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காகப் பேசி வாங்கும் குழுப் பாலிசிகளில். எல்லாப் பாலிசியும் ஒன்றுதான் என்று எண்ணிக் கைவிடாமல் உங்களுடையதைத் திறந்து பாருங்கள்.

அடுத்ததாக எண் 5. சிகிச்சைக்காக அல்லாமல் ஓய்வுக்காகவோ பராமரிப்புக்காகவோ மறுவாழ்வுக்காகவோ தங்குவதை இது விலக்குகிறது. மாதக்கணக்கில் தங்கும் மறுவாழ்வுத் திட்டங்கள் இதில் சிக்கிக்கொள்ளும். மூன்றாவதாக, ‘மருத்துவமனை’ என்பதற்குப் பாலிசி தரும் விளக்கத்தைப் படியுங்கள். மருத்துவமனையாகப் பதிவு பெற்றிராத இடமாக இருந்தால், 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் குறைந்தது 10 படுக்கைகளும் மற்ற ஊர்களில் 15 படுக்கைகளும், இருபத்து நான்கு மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும், எல்லா வசதியும் உள்ள அறுவை அரங்கும் இருக்க வேண்டும் என்று அது கேட்கும். ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் அறுவை அரங்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கோரிக்கையைப் பரிசீலிப்பவர் அந்த வரியைத்தான் சுட்டுவார். நல்ல பெயர் பெற்ற மையங்களே இந்த வரையறைக்கு வெளியே நிற்க நேரிடலாம்.

இதற்கு எதிராக நம் பக்கம் ஒரு சட்டம் இருக்கிறது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில், உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு மனநோய்க்குத் தரும் வரையறையில், மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. சட்டத்தின் இந்த வரையறையும் 12ஆம் எண் விலக்கும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பது என் கருத்து. மனநோய்ச் சிகிச்சைக்கான கோரிக்கையை மறுத்த ஒரு வழக்கில், சட்டம் வந்த நாளிலிருந்தே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இந்த வாதம் மறுப்புக்குப் பின் முறையிடுவதற்குப் பயன்படும் ஆயுதம். இன்று மாலைக்குள் ஒருவரைச் சேர்க்க வேண்டியிருக்கும்போது கட்டணத்தைக் கட்டாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனச்சோர்வோ இருதுருவக் கோளாறோ குடியோடு சேர்ந்தே இருப்பது மிகவும் வழக்கமானது. மனநோயை விலக்கக் கூடாது என்று அதே 2019 வழிகாட்டுதல்கள் கூறுவதால், மனநல மருத்துவர் உண்மையாகவே அப்படி ஒரு நோயைக் கண்டறிந்து, சேர்க்கைக்கு முதன்மைக் காரணம் அதுவாக இருந்தால், கோரிக்கைக்கு உறுதியான அடிப்படை கிடைக்கும். இதைக் கேட்டுவிட்டு, “குடியை எழுதாதீர்கள் டாக்டர், டிப்ரெஷன் என்று மட்டும் எழுதுங்கள்” என்று கெஞ்சுவதற்குப் பலருக்கும் தோன்றும். செய்யவே கூடாது. எவ்வளவு குடித்தார் என்பது மருத்துவருக்குத் தெரியாவிட்டால் வலிப்புத் தடுப்பு மருந்தின் அளவு தவறும். ஒரு பாலிசிதாரர் நாள்பட்ட குடிப்பழக்கத்தை விண்ணப்பத்தில் மறைத்திருந்ததால் கோரிக்கையை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியிருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மறைத்தால் வழக்கும் தோற்கும், உடலும் தோற்கும்.

எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

தொலைபேசியில் வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் ‘கவராகும் சார்’ என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. முகவர் சொல்வதற்கும் அவ்வளவே. பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்; கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனம், அதாவது டிபிஏ, தனியாக இருந்தால் அவர்களுக்கும் நகல் அனுப்புங்கள். இந்தப் பாலிசியில் 12ஆம் எண் விலக்கு உள்ளதா. குடியை நிறுத்துவதால் வரும் வலிப்பு, டெலிரியம் போன்ற அவசர நிலைகளுக்கான உள்நோயாளிச் சிகிச்சை ஏற்கப்படுமா. நான் செல்லவிருக்கும் மருத்துவமனை உங்கள் கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது நாங்கள் பணம் கட்டாமல் நீங்களே நேரடியாகச் செலுத்தும் மருத்துவமனைகளின் பட்டியலில், உள்ளதா, பாலிசி வரையறைப்படி அதை மருத்துவமனையாக ஏற்கிறீர்களா. மனநோய்ச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்போ காத்திருப்புக் காலமோ உண்டா. மறுப்பதாக இருந்தால் எந்தப் பிரிவின்படி என்று கேட்டால் போதும். நோயைச் சொல்லும்போது மருத்துவர் எழுதும் சர்வதேசக் குறியீட்டையும் சேர்த்தால் பதிலில் நழுவல் குறையும்: மது சார்ந்தவை எஃப்10 வரிசையிலும், அபின் வகை எஃப்11இலும், கஞ்சா எஃப்12இலும் வரும், எஃப்10.2 என்பது அடிமை நிலை, எஃப்10.3 நிறுத்தும்போது வரும் நிலை, எஃப்10.4 அது டெலிரியமாக முற்றிய நிலை.

வேலை செய்யும் இடத்தின் குழுப் பாலிசி என்றால், மனிதவளப் பிரிவில் காரணம் சொல்லாமலே பாலிசியின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்க முடியும். “வீட்டில் ஒரு சிகிச்சைக்காகப் பார்க்க வேண்டும்” என்பதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் கடமையை மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மருத்துவத் தரப்பின் மீது சுமத்துகிறது.

தனியார் பாலிசிக்கு அப்பால்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் நடந்தால், அதுவும் காப்பீடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இஎஸ்ஐ மருந்தகத்தில் தொடங்கி, சென்னையில் அயனாவரம், கே.கே. நகர் போன்ற இஎஸ்ஐ மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை வாங்கலாம். மருத்துவர் சான்றளிக்கும் விடுப்புக் காலத்துக்குத் தகுதியுள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும் என்பதால், ‘லீவு போட்டால் வீட்டில் அடுப்பெரியாது’ என்று தயங்கும் தொழிலாளிக்கு இது பெரிய ஆறுதல்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இந்த அட்டையில் எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் வரும் என்பது பட்டியலைப் பொறுத்தது. ஆகவே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடமோ, நோயின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கல்லீரல், கணையம் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கான சிகிச்சையைத் தனியே கேளுங்கள்.

அரசு வாசல்

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. போதைச் சிகிச்சையைப் பொறுத்தவரை, பெரும்பாலான குடும்பங்களுக்குக் காப்பீட்டைவிட உறுதியான வழி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே விலக்கு எண் கிடையாது, முன் அனுமதி கிடையாது, கட்டணமும் கிடையாது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. மாவட்டந்தோறும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் இருக்கிறார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநலத் துறை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. உங்கள் மாவட்டத்தில் ஒன்று இருக்கிறதா என்பதை 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மறுவாழ்வுக் கட்டத்துக்கு, மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் உள்ளன. அவற்றில் தங்கிச் சிகிச்சை பெறுவது இலவசம். அருகில் எது என்பதை அறிய 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள தேசிய உதவி எண் அது. இரவில் தூக்கமில்லாமல் தவிக்கும் நோயாளியோ, அடிபட்ட மனைவியோ, என்ன செய்வதென்று தெரியாத பிள்ளையோ தமிழிலேயே பேசுவதற்கு 14416 என்ற டெலிமானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், நாள் முழுவதும் இயங்குகிறது. நான் முதன்முதலில் அழைத்தது நள்ளிரவு ஒன்றரை மணிக்கு. எதிர்முனையில் இருந்தவர் முதலில் கேட்டது, “நீங்கள் சாப்பிட்டீர்களா?”

பிடிபட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் கஞ்சாவுக்கோ வலிநிவாரணி மாத்திரைகளுக்கோ அடிமையான இளைஞர்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது: உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். அங்கீகாரம் உள்ள இடமா என்று பார்ப்பது இங்கே இரட்டிப்பு முக்கியம்.

தனியார் மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

1980இல் தொடங்கப்பட்ட டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னை இந்திரா நகரில் நடத்தும் மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அந்த அறக்கட்டளையை நிறுவினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்குவது வழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸில் போதைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் உண்டு. இத்தகைய இடங்கள் ஒரு தரத்தைக் காட்டுகின்றன. உங்கள் ஊர் மையத்தை அந்தத் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊர்ப்புறங்களில் பெயர்ப்பலகை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வேன் அனுப்பி நான்கு பேர் வந்து ஆளைத் தூக்கிச் செல்லும் ‘மறுவாழ்வு இல்லங்கள்’ இருக்கின்றன. அடி, கட்டிவைத்தல், பட்டினி ஆகியவற்றைச் சிகிச்சை என்று சொல்லும் அப்படிப்பட்ட இடத்துக்கு, எவ்வளவு களைத்துப்போயிருந்தாலும், உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய ஒவ்வொரு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. விருப்பமில்லாத ஒருவரைச் சேர்க்க 89ஆம் பிரிவு வகுத்துள்ள வழியில், மனநல மருத்துவர் ஒருவரும் வேறொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்ப வேண்டும். முதல் முறை 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ‘கையெழுத்துப் போடுங்கள், ஆறு மாதம் பார்க்க வராதீர்கள்’ என்று சொல்லும் இடத்தில் இருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் போனால் கேளுங்கள்: மனநல மருத்துவர் தினமும் வருகிறாரா, பெயர் என்ன, இரவில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள், குடும்பத்தினர் எந்த நாளில் பார்க்கலாம், கட்டணத்தில் மருந்தும் பரிசோதனையும் அடங்குமா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். அது எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும்.

சேர்க்கையும் காகிதங்களும்

காப்பீடு பயன்படும் என்ற எழுத்துப்பூர்வமான பதில் கையில் இருந்தால், கேஷ்லெஸ் விண்ணப்பத்தைச் சேர்க்கைக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சேர்க்கைக் காரணம் என்ன, எந்த அவசர நிலையில் கொண்டுவரப்பட்டார், உள்நோயாளியாக வைத்தே சிகிச்சை தர வேண்டியது ஏன் என்று மருத்துவர் தெளிவாக எழுதித் தரும் கடிதம் மிக முக்கியம். ‘கண்காணிப்புக்காக’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதப்பட்ட சேர்க்கை எளிதில் மறுக்கப்படும். டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், பணம் கட்டிய அசல் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமையை மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவு நோயாளிக்குத் தருகிறது.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்தப் பிரிவு என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதல் குறையாக எழுதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். குடியோடு தொடர்பே இல்லாத நோய்க்குக்கூட, மருத்துவக் குறிப்பில் ‘மது அருந்துபவர்’ என்ற சொல் இருந்ததைக் காட்டி மறுப்பது உண்டு. அந்த நோய் குடியின் விளைவுதான் என்பதற்கு மருத்துவ ஆதாரம் என்ன என்று கேளுங்கள், உங்கள் மருத்துவரிடமும் அதுபற்றி ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். தொடர்ந்து 60 மாதங்கள் நடப்பில் இருந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, பழைய தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்பதும் விதி. ஆனால் விலக்கு வாசகத்தின் பேரிலான மறுப்பை இந்த 60 மாத விதி தடுக்காது. எங்கள் பதினோரு ஆண்டுகள் எங்களைக் காப்பாற்றாததற்கு அதுவே காரணம்.

நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிணக்குகளை அவர் விசாரிக்கலாம். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். மனுவில் மனநலச் சட்டத்தின் 2, 21(4) பிரிவுகளையும் டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பையும் குறிப்பிடுங்கள். வெற்றி நிச்சயம் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியை எழுப்பும் ஒவ்வொரு மனுவும் அடுத்த குடும்பத்துக்கு வழியை அகலப்படுத்தும் என்று நம்புகிறேன்.

வீடு திரும்பிய பிறகு

வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்ப்பதும், மாத்திரை வாங்குவதும், ஆலோசகரிடம் பேசுவதும் பெரும்பாலான பாலிசிகளில் வராது. பாலிசி அனுமதிக்கும் நாட்களுக்குள், ஏற்கப்பட்ட சிகிச்சையின் தொடர்ச்சியாக இருந்தால் மட்டும் ஓரளவு திரும்பக் கிடைக்கலாம். ஆகவே தொடர் சிகிச்சையை அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் அமைத்துக்கொள்வது நல்லது. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்று அல்அனான் கூட்டங்கள் உண்டு. மறுபடியும் ஒருமுறை குடித்துவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண் என்று எண்ணி நின்றுவிடாமல் அடுத்த நாளே அதே மருத்துவரிடம் போங்கள்; இந்த நோயில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான், மருத்துவரும் அதற்கு ஆயத்தமாகவே இருப்பார். என் அண்ணன் இரண்டாம் முறை போனது அரசு மருத்துவமனைக்கு. காப்பீட்டு அட்டையை அண்ணி அன்று கையில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆதார் அட்டையும், முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியும், ஒரு லுங்கியும் துண்டும் மட்டும் பையில் இருந்தன.